ஒன்பதரைக்கு அடித்த சாப்பாட்டு மணி

வினோலியாவுக்குப் பயம் மாதச் சம்பளம் போல என்றைக்கோ ஒரு நாள் வருவதில்லை. தினக்கூலி போல அன்றாடம் வந்து நிற்கும். காலை ஐந்தரைக்குக் கண் விழித்ததும், பாயை விட்டு எழுந்திருப்பதற்கு முன்னால், வெளியே ஏதும் வெடித்த சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் ஜெபம் பண்ணிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். சிவகாசியில் பிறந்து வளர்ந்த பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

குடும்பத்தில் பாதிப் பேர் வாத்தியார், மீதிப் பேர் நர்ஸ். இவள் கணக்கில் பட்டம் வாங்கி, வாத்தியார் வேலைக்குப் பரீட்சை எழுதி எழுதிக் கை ஓய்ந்து, கடைசியில் வெம்பக்கோட்டை ரோட்டில் இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வந்து உட்கார்ந்தாள். மேஜையில் 'பிளானிங்' என்று பலகை வைத்தார்கள். அது ஆயிற்று பதினான்கு வருடம். கணவர் சாம்சுந்தர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். சில நாள் வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போய் மூன்று வாளித் தண்ணீரை ஊற்றிக்கொள்வார். அன்றைக்கு இவள் எதுவும் கேட்க மாட்டாள், அவரும் சொல்ல மாட்டார்.

பிளானிங் என்றால் என்ன வேலை என்று சர்ச்சில் யாராவது கேட்டால், "நாளைக்கு எம்புட்டு வேணும்னு இன்னைக்கே சொல்ற வேலை" என்பாள். சொல்வதற்கு எளிது. நாளைக்கு எந்த ரூமில் எத்தனை பெண்கள் பூச்சட்டிப் புஸ்வாணம் அடைப்பார்கள், அதற்கு வெடியுப்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, அலுமினியப் பவுடர் எவ்வளவு, காகிதக் கூடு எத்தனை, லேபிள் எத்தனை என்று முந்தின நாள் சாயங்காலம் ஒரு சீட்டு எழுதிப் போர்மேன் கையில் கொடுத்துவிட வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறு மணிக்கு, அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் மருந்து கலப்பார்கள்.

மற்ற ஊர்க் கம்பெனிகளில் கணக்குத் தப்பினால் சரக்கு மிஞ்சும். மிஞ்சிய திருகாணி ஒரு மூலையில் கிடந்து துருப்பிடிக்கும், முதலாளி நாலு வார்த்தை கத்துவார், தீர்ந்தது. இங்கே அப்படி இல்லை. உப்பும் கந்தகமும் பவுடரும் தனித்தனி மூட்டையில் இருக்கிறவரை சாதுவாக இருக்கும். கலந்துவிட்டால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். தீராமல் மிஞ்சினால் பொழுது சாய்வதற்குள் கழிவுக் குழியில் கொட்டி எரித்துவிட வேண்டும். கலந்த மருந்தை ராத்தங்க விடக்கூடாது. அதில் கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால் யாரும் தொடாமலே உள்ளுக்குள் சூடேறும். ஆகவே வினோலியா எழுதும் சீட்டில் ஒரு கிலோ கூடினால், அந்த ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் யாராவது ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள்.

சென்னையில் படித்துவிட்டு வந்த முதலாளி மகன் ராம்குமார் இதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு வாங்கிப் போட்டார். ஆர்டரை உள்ளே போட்டால் மூட்டைக் கணக்கு வெளியே வரும். நன்றாகத்தான் வந்தது. நாளைக்கு எத்தனை பேர் வேலைக்கு வருவார்கள் என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை. அதற்கு வினோலியாவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. எந்த ரூமுக்கு எந்த ஊர், எந்தத் தெரு ஆட்கள் என்று வரிசையாக எழுதி, ஓரத்தில் 'விசேஷம்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தாள். காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, கோயில் பொங்கல், ஈஸ்டர் எல்லாம் அதில் இருக்கும். யாராவது ஒருத்தி மகளுக்குக் காதுகுத்து என்றால் தெருவே லீவு போடும் ஊர் இது. அதையெல்லாம் வாரத்துக்கு முன்னாலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

சாவைக் கேட்டுக் குறித்துக்கொள்ள முடியாது. விடிகாலையில் ஒரு தெருவில் கேதம் விழுந்தால் அந்தத் தெருப் பெண்கள் ஒருத்தியும் வரமாட்டார்கள். அதற்குள் மருந்து கலந்து முடிந்திருக்கும். இரண்டு மூன்று தடவை அப்படி ஆகி, மிஞ்சிய மருந்தைக் குழியில் எரிக்க வேண்டி வந்த பிறகு, வினோலியா ஒரு காரியம் செய்தாள். எந்தத் தெருவில் யார் இழுத்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்று விசாரித்து, அந்தப் பெயரைச் சிவப்புப் பென்சிலால் கட்டத்தில் எழுதினாள். சிவப்பில் பெயர் இருக்கிற தெருவுக்கு 'ரெண்டு கலவை'. பாதி மருந்தைத்தான் ஆறு மணிக்குக் கலக்க வேண்டும். வேன் வந்து ஆட்கள் இறங்கின பிறகு மீதிப் பாதி.

போர்மேன் சண்முகவேலுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. இருபத்தைந்து வருடம் மருந்து கலந்த கை அவருடையது. வலது கையில் இரண்டு விரல் பாதியோடு நின்றுவிட்டது.

"மேடம், ரெண்டு தடவை கலக்குறதுன்னா நான் ரெண்டு தடவை சாமி கும்பிட்டுட்டு உள்ள போகணும். நீங்க சீட்டுல ஒரு வரி எழுதிருதீக. கை எனக்குத்தான போகும்?"

அதில் நியாயம் இருந்தது. வினோலியாவுக்கும் தெரியும். இருந்தும், "என் மனசு கேக்கலை அண்ணாச்சி" என்று சொல்லி, எழுதுவதை எழுதிக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை நாலு ரூம். ரூமுக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். அந்தப் பதினாறு பேரும் வெம்பக்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரே ஊர், ஒரே தெரு. அவர்களுக்கு வேண்டிய மருந்து பக்கத்துப் பதினொன்றாம் ரூமில் இருக்கும். தெருக்காரர்களில் முன்னே நிற்பவள் முத்துப்பேச்சி. எட்டாவது வரை படித்தவள், கை வேகம், வாயும் அப்படித்தான். நடை மட்டும் ஆமை. இடியே விழுந்தாலும் அவள் ஓடிப் பார்த்தவர்கள் இல்லை.

ஜூலை மாதம் ஒரு நாள் முத்துப்பேச்சி லீவு சொல்ல ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். நோட்டு விரித்துக் கிடந்தது. தலைகீழாகவே வாசித்துவிட்டாள்.

"எங்க பெரியப்பா பேரு ஏன்க்கா செவப்புல இருக்கு?"

'கருப்பணன், வயது 84, கஞ்சி மட்டும், எப்போது வேண்டுமானாலும்' என்று எழுதியிருந்தது. வினோலியாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. உள்ளதைச் சொன்னாள். முத்துப்பேச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து என் கையால ரெண்டு இட்லி தின்னாருக்கா. அவருக்கு நாள் குறிச்சுட்டீகளா? நீங்க வேதக்காரக, இப்படி எழுதலாமா?"

வினோலியாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. உயிரோடு இருக்கிற மனிதரை மூட்டைக் கணக்கில் சேர்த்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ரப்பரை எடுத்து அவள் கண் முன்னாலேயே அந்தப் பெயரைத் தேய்த்து அழித்தாள். பெயர் போன பிறகு ரெண்டு கலவைக்குக் காரணமும் போய்விட்டது. மறுநாளிலிருந்து அந்த நாலு ரூமுக்கும் ஒரே கலவை என்று சீட்டு எழுதினாள். சண்முகவேலுக்கு அன்றைக்குச் சந்தோஷம். இரண்டு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி, ஒரு நாள் மடியிலிருந்து நாலு வெள்ளரிப்பிஞ்சை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். சமாதானம் ஆகிவிட்டது என்று வினோலியா நினைத்துக்கொண்டாள்.

செப்டம்பரில் சீசன் சூடு பிடித்தது. ஒரு சனிக்கிழமை, தங்கை பியூலா மகளுக்கு விருதுநகரில் நிச்சயதார்த்தம். பதினான்கு வருடத்தில் சீசன் நேரத்தில் வினோலியா எடுத்த முதல் லீவு அது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். நிச்சயம் நல்லபடியாக நடந்தது. ராத்திரி வீடு திரும்பி, ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி ஆராதனைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மணி ஒன்பது. வேப்பமரத்தடியில் பால்துரை வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். முத்துப்பேச்சியின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் அவருக்கு வேலை, அங்கேயே குடியிருக்கிறார். குடும்பத்துக்கு மூத்தவர், ஒன்றுவிட்ட சித்தப்பா முறை.

"நேத்து ஸ்பெஷல் கிளாசுக்குப் பாதிப் பிள்ளைக வரலம்மா" என்றார். "கருப்பணன் தாத்தா போய்ச் சேந்துட்டாரு. காலையில ஆறரை மணி இருக்கும். மத்தியானம் அடிச்ச மழையில சுடுகாட்டுக்குத் தூக்கவே நாலு மணி ஆயிருச்சு."

வினோலியா, "அப்படியா" என்றாள்.  ஆறரை. மருந்து கலப்பது ஆறு மணி.

"அந்தத் தெருப் பொம்பளைக நேத்து வேலைக்குப் போகலையே, சித்தப்பா?"

"எங்க போக? கேத வீட்டுலதான் கெடந்தாளுக. உங்க போர்மேன் சாயங்காலம் போன் பண்ணுனாராம். நேத்துக் கலந்த மருந்து அப்படியே கெடக்கு, ஞாயித்துக்கெழமை வந்து அடைச்சுக் குடுத்துருங்கன்னு. இன்னைக்கு விடியவும் சுடுகாட்டுல பால் தெளிச்சுக் காடேத்த முடிச்சுட்டு, நான் கெளம்பும்போதே எல்லாரும் வேலைக்குத் தயாராகிக்கிட்டு இருந்தாளுக. எட்டரைக்கு வேன் வருதுன்னாக."

அவருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. வினோலியாவுக்கு எல்லாம் தெரிந்தது. பதினாறு பேருக்கான மருந்து பன்னிரண்டு கிலோ. மழையில் கழிவுக் குழியில் தண்ணீர் நின்றிருக்கும், எரித்திருக்க முடியாது. சண்முகவேல் அதை மூடி வைத்துப் பூட்டியிருப்பார். பதினொன்றாம் ரூம் கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது, புது ஓடு வேண்டும் என்று இவளே ஜூன் மாதம் எழுதிக் கொடுத்தது, வாங்க வேண்டிய சாமான் பட்டியலில் இன்னும் கிடக்கிறது. சனிக்கிழமை காலை ஆறிலிருந்து ஞாயிறு காலை ஒன்பது வரை இருபத்தேழு மணி நேரம். அந்தக் கணக்கைப் போட அவளுக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. 

சண்முகவேலுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. முத்துப்பேச்சிக்குப் போட்டாள். அதுவும் அடித்தது. அப்போதுதான் உறைத்தது. வேன் போய்ச் சேர்ந்துவிட்டது. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் இருக்கிற மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அத்தனை போனும் அந்தப் பெட்டிக்குள் கிடந்து பாடிக்கொண்டிருக்கும். காவல்காரர் மாரிசாமியின் போன் அணைந்து கிடந்தது. வேன் டிரைவர் மணிகண்டராஜ் மட்டும் எடுத்தான்.

"எறக்கிவிட்டுட்டு வேற வாடகைக்குச் சாத்தூர் ரோட்டுல போய்க்கிட்டு இருக்கேன் மேடம். என்ன செய்யணும்?"

ஒன்றும் செய்ய முடியாது. அவனை விட அவள்தான் பக்கம். ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

பன்னிரண்டு கிலோமீட்டர். முதலில் கூட்டையெல்லாம் அடுக்கிக்கொண்டு, அப்புறம்தான் மருந்தை அள்ளப் பதினொன்றாம் ரூமுக்குப் போவார்கள். கூடு அடுக்க அரை மணி நேரமாவது ஆகும். எட்டே முக்காலுக்கு இறங்கியிருந்தால் ஒன்பதேகால். கேத வீட்டுக் கதை பேசிக்கொண்டு மெதுவாக அடுக்கினால் ஒன்பதரை. 'கர்த்தாவே, அவளுக கதை பேசட்டும்' என்று வேண்டிக்கொண்டே போனாள். முன்னும் பின்னும் வேறு ஜெபம் எதுவும் வரவில்லை.

விஸ்வநத்தம் தாண்டும்போது மேற்கே ஒரு சத்தம் கேட்டது. அடிவயிற்றில் வந்து மோதுகிற கனமான சத்தம். வண்டியை ஓரம் கட்டிவிட்டு வானத்தைப் பார்த்தாள்.  டீக்கடை வாசலில் நின்றவர்களும் ஒரே நேரத்தில் வானத்தைத்தான் பார்த்தார்கள். புகை எங்கேயும் எழும்பவில்லை.

"ஆலங்குளம் பக்கம் கல்குவாரி வெடியா இருக்கும்த்தா" என்றார் ஒருவர். எல்லாரும் டீயைக் குடிக்கத் திரும்பிவிட்டார்கள். வினோலியா அழுதுகொண்டே வண்டியைக் கிளப்பினாள். அது எந்த அழுகை என்று அவளுக்கே தெரியவில்லை.

கேட்டுக்கு வந்தபோது கைக்கடிகாரத்தில் ஒன்பதரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது. மரப்பெட்டி அருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மாரிசாமி எழுந்து கையைக் குறுக்கே நீட்டினார்.

"உள்ள போகக்கூடாது மேடம். பட்டுப்புடவை."

அது இவள் போட்ட சட்டம். பட்டும் நைலானும் உரசினால் பொறி வரும், பருத்தி கட்டியவர்களைத் தவிர யாரையும் உள்ளே விடக்கூடாது என்று இவள் கையெழுத்தில்தான் கேட்டில் பலகை தொங்குகிறது. மருந்து ஏற்கெனவே உள்ளுக்குள் சூடேறிக் கிடக்கிற இடத்துக்கு இந்தப் புடவையோடு ஓடிப் போய்க் காப்பாற்றப் போகிறாளா, கொளுத்தப் போகிறாளா? கேட்டிலிருந்து பதினொன்றாம் ரூம் கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். வேப்பமரங்களுக்கு நடுவில் அதன் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. ரூமுக்கு வெளியே யாரோ அசைவது போலவும் தெரிந்தது.

"அபாய மணியை அடிக்கவா?" என்றார் மாரிசாமி. அவள் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டிருந்தார்.

கேட்டை ஒட்டி ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. விடாமல் அடித்தால் அபாயம். மூன்று அடி அடித்து நிறுத்தினால் சாப்பாடு, எல்லாரும் கேட்டுப் பக்கம் வந்துவிடுவார்கள். போன வருடம் ஒத்திகைக்காக அபாய மணி அடித்தபோது, பெண்கள் கையில் இருந்ததைக் கையில் இருந்தபடியே கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். இரண்டு பேர் விழுந்து எழுந்தார்கள், ஒரு ரூம் முழுக்க மருந்து சிந்திக் கிடந்தது. அன்றைக்கு மருந்து ஆறிப்போன மருந்து. இன்றைக்கு எவளாவது ஒருத்தி பதினொன்றாம் ரூமுக்குள் கரண்டியும் கையுமாக நின்றால்?

அவளுக்கு அலற வேண்டும் போல இருந்தது. மணி அடிக்கிற கட்டையை எடுத்தாள்.

மூன்று அடி. மூன்றே மூன்று. ஞாயிற்றுக்கிழமை சாவகாசத்தோடு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு விட்டு அடித்தாள். பிறகு கட்டையை மாட்டிவிட்டுக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. பிறகு பன்னிரண்டாம் ரூமிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பதினான்கிலிருந்து நாலு பேர். சேலையை உதறிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தார்கள். சொர்ணலட்சுமி என்கிற வயதான பெண் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"என்ன மாரிசாமி, கெறங்கிப் போச்சா உனக்கு? கேத வீட்டுச் சோறே இன்னும் செரிக்கல, அதுக்குள்ள மணி அடிக்க."

வினோலியா அவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து. பதின்மூன்று. சண்முகவேல் கோபமாக வந்தார். பதினைந்து. திரும்ப ஒரு தடவை எண்ணினாள். பெண்கள் பதினைந்து பேர்தான்.

"முத்துப்பேச்சி எங்க?"

"மருந்தை அள்ளப் போனா மேடம். தெறந்தது தெறந்தபடி கெடக்கு, மூடிட்டு வாரேன்னு நிக்கா" என்றாள் சொர்ணலட்சுமி.

 பெயரைச் சொல்லிக் கத்தினால் காதில் விழாது, அரைகுறையாக விழுந்தாலும் அவள் அங்கேயே நின்று என்ன என்று கேட்பாள். வினோலியா கேட்டுக் கம்பியை விடாமல் நின்றாள். வேப்பமர நிழலில் ஒரு நீலச் சேலை தெரிந்தது. முத்துப்பேச்சி வந்தாள், அவளுடைய அதே நடையில். வழியில் குழாயைத் திறந்து கை கழுவினாள். சேலையில் துடைத்துக்கொண்டாள். வினோலியா வாழ்நாளில் யாரையும் அப்படி வெறுத்ததும் இல்லை, யாருக்காகவும் அப்படி வேண்டிக்கொண்டதும் இல்லை. கேட்டைத் தாண்டி முத்துப்பேச்சி வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்து, எல்லாரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"என்ன மேடம் இது?" என்றார் சண்முகவேல். "நான் சாக்கு போட்டு மூடித்தான் வச்சிருந்தேன். மழையில எரிக்க முடியாது. பன்னெண்டு கிலோவ வீணாக்குனா முதலாளிக்கு யாரு பதில் சொல்ல?"

"அண்ணாச்சி, அது ராத்தங்குன மருந்து."

"ஒரு ராத்திரிதான? நான் பாக்காததா?"

"வாடை வந்துச்சு" என்றாள் முத்துப்பேச்சி. "மூத்திர வாடை. இவருட்டச் சொன்னேன், ரூம் பூட்டிக் கெடந்துச்சுல்ல, அதான்னாரு. சாக்கத் தூக்குனா, அடியில சூடா இருந்துச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி. அள்ளுவோமா வேண்டாமான்னு நின்னுக்கிட்டு இருந்தேன், மணி அடிச்சுச்சு."

ஈரம் பட்டுச் சூடேறுகிற மருந்துக்கு அந்த வாடைதான் வரும். சண்முகவேலுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. "ஓரமா மணல் அள்ளிப் போட்டு..." என்று சொல்லிக்கொண்டே கேட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். வினோலியா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தியதை நினைத்து அப்புறம் பல நாள் வெட்கப்பட்டாள். அப்போது விடவில்லை.

தீயணைப்பு நிலையத்துக்கும் முதலாளிக்கும் போன் சொல்லியாயிற்று. காத்திருந்தார்கள். பத்து நிமிடம். இருபது நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை. அணில் ஒன்று பதினொன்றாம் ரூம் கூரையில் ஓடியது. பெண்கள் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்கள். "இன்னைக்குக் கூலியும் போச்சு" என்று யாரோ முணுமுணுத்தாள். வினோலியாவுக்குப் புதிதாக இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. ஒன்றும் ஆகாமலே போய்விட்டால்? சீசன் நேரத்தில் வேலையை நிறுத்தி, தீயணைப்பு வண்டியை வரவைத்து, பைத்தியக்காரி என்று பெயர் வாங்கிவிட்டால்? இனி எந்த மணியை அடித்தாலும் யார் எழுந்து வருவார்கள்? அந்தப் பதினொன்றாம் ரூம் வெடிக்க வேண்டும் என்று தன் மனசு ஒரு நொடி ஆசைப்பட்டதை அவள் கண்டாள். அதற்காகவும் பயந்தாள்.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு அது போயிற்று. முதலில் வெளிச்சம், அப்புறம் சத்தம், அப்புறம் ஓடு சிதறி வேப்பமரங்களுக்குள் விழுகிற ஓசை. கூரை இருந்த இடத்தில் வெள்ளைப் புகை எழும்பி, காற்றில்லாததால் அங்கேயே நின்றது. பன்னிரண்டாம் ரூம் பக்கச் சுவரும் சரிந்துவிட்டது. கூடு அடுக்கி வைத்திருந்த பலகைகள் எரிந்தன. ரோட்டுக்கு இந்தப் பக்கம் சொர்ணலட்சுமி தன் இரண்டு கையையும் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வினோலியா மறுபடியும் எண்ணினாள். பதினாறு, போர்மேன் ஒன்று, காவல்காரர் ஒன்று. மூன்று தடவை எண்ணினாள். சாயங்காலம் சாம்சுந்தர் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு வார்டுக்கு அந்தக் கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னைக்கு நீ சொல்லு" என்றார். அவள் விடிய விடியச் சொன்னாள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் சண்முகவேல் தன் தப்பைத் தானே சொன்னார். வினோலியாவும் சொன்னாள். கருப்பணன் பெயரை அழித்ததையும், அதனால் ரெண்டு கலவையை நிறுத்தியதையும், பெயர் இருந்திருந்தால் பாதி மருந்துதான் கலந்திருக்கும் என்பதையும், பாதிதானே என்று வீணாவதற்குத் தயங்காமல் அதை மழைக்கு முன்னாலேயே எரித்திருக்கலாம் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அறிக்கை தயாரித்த அதிகாரி அந்த வரிகளை விட்டுவிட்டார். செத்துப்போன கிழவருக்கும் கூரை பறந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

இடிந்த ரூம்களைக் கட்டி முடிக்கிறவரை கம்பெனி ஐந்து வாரம் மூடிக் கிடந்தது. திறந்த முதல் நாள் சாயங்காலம், வினோலியா மறுநாள் சீட்டை எழுத நோட்டை விரித்தாள். ரப்பர் தேய்த்த இடம் காகிதத்தில் இன்னும் பஞ்சு போல இருந்தது. சிவப்புப் பென்சிலை எடுக்கக் கை வரவில்லை. எந்தத் தெருவில் யாரைப் போய், எந்த வாயால் கேட்பது?

ஜன்னலில் நிழல் விழுந்தது. முத்துப்பேச்சி நின்றிருந்தாள்.

"அக்கா, எங்க அம்மா பேரை எழுதிக்கங்க."

வினோலியா நிமிர்ந்து பார்த்தாள்.

"எட்டு நாளாக் கஞ்சி எறங்கல. ஆஸ்பத்திரியில கொண்டுபோகச் சொல்லிட்டாக. வீட்டுலதான் வச்சிருக்கேன்." முத்துப்பேச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டாள், ஜூலை மாதம் பிடித்த அதே கம்பி. "பேரு ராக்கம்மா. வயசு எழுவத்தொண்ணு."

வினோலியா எழுதினாள். பென்சில் முனை இரண்டு தடவை ஒடிந்தது. பக்கத்தில், பன்னிரண்டு முதல் பதினைந்து வரை ரெண்டு கலவை என்றும் எழுதினாள். முத்துப்பேச்சி அதைத் தலைகீழாக வாசித்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் பெருசா எழுதுங்கக்கா" என்றாள். "போர்மேனுக்குத் தெரியணும்."